சிரமம் இல்லையென்றால்

காபி குடிக்கிறீர்களா என்று வெர்லின் கேட்டார். ராக்னா ஓஸ்ட்பி வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார், ஜாடி நிறைய இருக்கிறதே என்றார். அதெல்லாம் எதற்கு, பரவாயில்லை என்றாள். மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான், "சரி, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா" என்று கோப்பையை வாங்கிக்கொண்டாள். அந்த அறைக்குள் காலை வைத்தபோதே காபி வாசனையில் அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. அது வெர்லினுக்கும் தெரியும். ஆனால் வடக்கு மினசோட்டாவில் முதல் தடவையே சரி என்பவன் அநாகரிகன். இரண்டாவது தடவை சரி என்பவன் பாவம், சாப்பிட்டு நாளாகியிருக்கும். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்பவனுக்கு உங்கள் மேல் ஏதோ மனத்தாங்கல். எங்கள் ஆட்கள் இதை யோசித்துச் செய்வதில்லை. மூன்றாவது கேள்வி காதில் விழுந்தால் போதும், வாய் தானாகச் சரி சொல்லிவிடும்.

வெர்லின் ஸ்ட்ரோம்க்விஸ்ட் நார்ட்பி கல்லூரியில் மாணவர் நலனுக்கான டீன். ராக்னா அங்கே பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். ஒரு மாணவனைப் பற்றிப் புகார் சொல்லத்தான் வந்திருந்தாள். வந்த விஷயத்தை எடுத்தவுடன் சொல்வது எங்கள் வழக்கமில்லை என்பதால், ஏரி எப்போது உறையும் என்றும், வெர்லினுடைய மைத்துனர் வாங்கிய டிரக் ஏன் காலையில் கிளம்ப மறுக்கிறது என்றும் பேசினார்கள். காபி தீர்ந்து, எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்த பிறகு ராக்னா திரும்பினாள். எங்கள் பக்கம் உண்மை எப்போதும் கதவருகில்தான் வெளியே வரும்.

"ஒரு பையன் இருக்கான்," என்றாள். "கொஞ்சம் சத்தமா இருக்கான்."

வேறு ஊரில் ஒரு ஆசிரியை தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு கத்துவதற்குச் சமம் இது. வெர்லினின் முகம் வெளுத்துவிட்டது.

ராக்னாவுக்கு இதில் என்ன பயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் அங்கே தற்காலிக ஆசிரியை. நூலகப் புத்தகத்தைப் புதுப்பிக்கிற மாதிரி, ஒவ்வொரு செமஸ்டருக்கும் அவளைப் புதுப்பிப்பார்கள். ஆறு வருடமாக இந்தப் பிழைப்பு. வரும் ஜனவரியில் ஒரு நிரந்தர இடம் காலியாகிறது, அது அவளுக்குத்தான் என்று எல்லோரும் சொல்லாமல் சொல்லியிருந்தார்கள். வெர்லின் தலையசைத்தால் கிடைத்துவிடும். வகுப்பை அடக்கத் தெரியாதவள் என்று பெயர் வந்தால் கிடைக்காது. வகுப்பை அடக்கினாள் என்று பெயர் வந்தால் நிச்சயமாகக் கிடைக்காது.

அந்தப் பையன் பெயர் கார்மைன் டெலூகா. நியூ ஜெர்சிக்காரன், இத்தாலிய வம்சம். கல்லூரி ஐஸ் ஹாக்கி அணிக்குக் கோல்கீப்பராக அழைத்து வந்திருந்தார்கள். கோல்கீப்பருக்கு வலைக்கு முன்னால் நின்று ஆட்டம் முழுக்கக் கத்துவதுதான் வேலை. இவன் அந்த வேலையை வகுப்புக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ராக்னா கேள்வி கேட்டால், பதில் சொல்ல வாயெடுத்தவர்களை முந்திக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து பதில் வரும், எப்போதும் தப்பான பதில். படத்தைக் காட்டினால், "இடது பக்கம் பாருங்கடா, இடது பக்கம்!" என்று மற்றவர்களுக்குக் கட்டளை வரும். மதிய வகுப்பில், இறைச்சி உருண்டையும் தக்காளிச் சாறும் வழிகிற ஒரு முழ நீள சாண்ட்விச்சைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடுவான். அந்த வாசனையில் பனியுகமே உருகிவிடும். பாறை உப்பை நாக்கில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று ராக்னா ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வகுப்பில் மாதிரிக்கு வைத்திருக்கும் தட்டில் உள்ள எல்லாக் கல்லையும் நக்கிப் பார்த்து மதிப்பெண் போட ஆரம்பித்தான். நேற்றைய கல்லைவிட இது பரவாயில்லை மேடம் என்பான். அவன் நக்கிய கல்லைத்தான் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் கையில் எடுக்க வேண்டும்.

கெட்ட பையனா என்றால் இல்லை. அவனை ஒருவர், ஒரே ஒருவர், நேராகப் பார்த்து நிறுத்து என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பான். ஆனால் நார்ட்பியில் அதற்கு ஆள் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு குழு இருந்தது.

அதன் பெயர் அக்கறைக் குழு. வெர்லின்தான் தலைவர், மனநல ஆலோசகர் மார்லிஸ் அவருக்கு வலது கை. செவ்வாய்தோறும் கூடுவார்கள். ஓட்ஸும் சாக்லேட்டும் சேர்த்து அடுப்பில் சுட்டு வெட்டிய சதுரத் துண்டுகளை மார்லிஸ் கொண்டுவருவாள். கடைசித் துண்டை எடுக்க யாருக்கும் மனம் வராது. ஒருவர் பாதி வெட்டிக்கொள்வார், மிச்சத்தில் இன்னொருவர் பாதி, அதில் இன்னொருவர் பாதி. கூட்டம் முடியும்போது தட்டில் ஒரு பொடி மட்டும் அநாதையாகக் கிடக்கும். குழுவின் முடிவுகளும் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும்.

தொந்தரவு என்ற சொல்லை அந்தக் குழு தடை செய்திருந்தது. தொந்தரவு செய்கிற மாணவன் யாரும் கல்லூரியில் இல்லை, கூடுதல் உற்சாகம் உள்ள மாணவர்கள்தான் இருந்தார்கள். வருடத்துக்கு ஒரு தடவை வெர்லின் ஆசிரியர்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுப்பார். ஒருவன் நாற்காலியைத் தூக்கி எறிந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் சொல்லித்தருவார். அந்த நாற்காலியைப் பற்றி உன் மனதில் ஏதோ இருக்கிறது போலிருக்கிறதே என்று கேட்க வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது. முடிந்தால் நாற்காலி விழும் இடத்தில் நிற்கவும் கூடாது.

ஹாக்கி அணி பல வருடங்களுக்குப் பிறகு அப்போதுதான் ஜெயிக்கத் தொடங்கியிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். குழுவின் அக்கறையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதல் நடவடிக்கையாக மார்லிஸ் கார்மைனை அழைத்துப் பேசினாள். வகுப்பில் அவன் குரல் ரொம்ப வித்தியாசமாக இருக்கிறதாம் என்றாள். எங்கள் ஊரில் இது ஒருவருக்குப் பெரிய அடி. ஒருத்தி வீட்டுக்கு ஊதா வண்ணம் அடித்து, அண்டை வீட்டுக்காரர் வித்தியாசமாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டால், அடுத்த வாரமே வெள்ளை அடித்துவிடுவாள். கார்மைன் மார்லிஸின் கையைக் குலுக்கிவிட்டு, விசிலடித்துக்கொண்டே போனான். மறுநாள் வகுப்பில் இன்னும் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தான்.

இரண்டாவது நடவடிக்கை இன்னும் கடுமையானது. வெர்லினே அவனை ஏரிக்கரையில் நடக்க அழைத்துப் போனார். இந்தப் பக்கம் இப்படி ஒரு உற்சாகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை என்றார். சொல்லிவிட்டு, இவ்வளவு பச்சையாகப் பேசிவிட்டோமே என்று அன்று இரவு தூக்கமில்லாமல் புரண்டாராம். கார்மைன் அறைக்குத் திரும்பும் வழியிலேயே அம்மாவுக்குப் போன் போட்டு, டீன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாராட்டினார் என்று சொன்னான்.

மூன்றாவதாக ஒரு வாழ்த்தட்டை போனது. அட்டையில் ஏரிப் பறவை படம், உள்ளே ஒரு வரி: 'உன் இருப்பைப் பலரும் கவனித்திருக்கிறார்கள்.' குழுவின் வரலாற்றில் இதற்கு மேல் ஒரு எச்சரிக்கை போனதில்லை. அவன் அதை அம்மாவுக்கு அனுப்பிவைத்தான். அவள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள்.

ஒவ்வொரு தடவையும் ராக்னா நம்பிக்கையோடு வகுப்புக்குப் போவாள், ஒவ்வொரு தடவையும் மூக்குடைந்து திரும்புவாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஜனவரி, ஜனவரி என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். நவம்பர் வந்தது, ஏரி உறைந்தது, அவளுடைய பொறுமை மட்டும் உருகிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குப் பனியாறுகளைப் பற்றிய பாடம். வகுப்பில் சிக்னி என்று ஒரு பெண், திக்கிப் பேசுகிறவள். அதனாலேயே செமஸ்டர் தொடங்கியதிலிருந்து வாயைத் திறக்காதவள். அன்று ராக்னா கேட்ட ஒரு கேள்விக்கு அவள் கையைத் தூக்கினாள். ராக்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சிக்னி முதல் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது எழுத்து வந்துவிட்டது. அப்போது பின்னாலிருந்து, வாய் நிறைய சாண்ட்விச்சோடு, "மொரெய்ன்! மொரெய்ன்தானே சொல்ல வர்ற?" என்று ஒரு கத்தல். பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவிக்கிற கல்மேட்டுக்கு அதுதான் பெயர். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதிலும் சரியாக இருந்தது. சிக்னி கையை இறக்கிக்கொண்டாள்.

ராக்னாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"கார்மைன், வாயை மூடு," என்றாள்.

வகுப்பே விறைத்துப்போனது. முன்வரிசையில் ஒருவன் பேனாவைத் தவறவிட்டான், குனிந்து எடுக்கக்கூட இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் ஆயுளில் அந்த வார்த்தையை நேரில் கேட்டதில்லை.

"சரி மேடம்," என்றான் கார்மைன். மூடினான். வகுப்பு முடியும்வரை ஒரு சத்தம் இல்லை. சிக்னி மறுபடி கையைத் தூக்கி, தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு, ஒரு முழு வாக்கியம் பேசி முடித்தாள்.

எல்லோரும் போன பிறகு அவன் மேசையருகே வந்து நின்றான். கோபமாக இருக்கிறீர்களா என்று கேட்டான். ஆமாம், செப்டம்பரிலிருந்து என்றாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொன்னோம்டா. மூணு தடவை சொன்னோம்."

பிறகு உட்காரவைத்து விளக்கினாள். வித்தியாசம் என்றால் என்ன, பார்த்ததே இல்லை என்றால் என்ன, பலரும் கவனிக்கிறார்கள் என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்தப் பெரிய உடம்பு நாற்காலிக்குள் சுருங்கிக்கொண்டே போனது. அம்மா அதை ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறாளே என்றான். ராக்னாவுக்கு அவனைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஊரே சேர்ந்து ஒரு பையனை நல்ல வார்த்தையாலேயே திட்டியிருக்கிறது, அதில் அவளும் ஒருத்தி.

அவனிடம் இன்னொரு சந்தேகம் இருந்தது. "சாண்ட்விச் வேணுமான்னு எல்லார்கிட்டயும் கேட்டேன் மேடம். ஒருத்தரும் வாங்கல. இத்தாலிக்காரன் சாப்பாடு பிடிக்கலையோன்னு நினைச்சுக்கிட்டேன்."

"எத்தனை தடவை கேட்ட?"

"ஒரு தடவைதான். வேணாம்னு சொன்னா வேணாம்தானே?"

இல்லை என்று சொல்லி, மூன்று தடவை கணக்கையும் சொல்லிக்கொடுத்தாள். முதல் இரண்டு வேண்டாமுக்கும் அர்த்தமே கிடையாது, மூன்றாவதற்கு இங்கே பிறந்த யாராலும் தப்பிக்க முடியாது என்றாள். அவன் கோல்கீப்பர் முகத்தோடு உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டான். மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொருவரிடமும் மூன்று மூன்று தடவை கேட்டான், சாண்ட்விச் அவன் வாய்க்கே மிஞ்சவில்லை.

அதே நாளில் ராக்னாவுக்கு அழைப்பு வந்தது. அவள் பேசிய விதத்தால் மனம் பதறிவிட்டதாகச் சில மாணவர்கள் பெயர் போடாமல் குழுவுக்கு எழுதியிருந்தார்கள். செப்டம்பரிலிருந்து ஒரு பையனிடம் ஒரு வார்த்தை சொல்லத் துணியாத குழு, அவளுடைய ஒரு வாக்கியத்துக்காக உடனே கூடிவிட்டது. செவ்வாய்க்கிழமைகூட இல்லை.

வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் கார்மைனும் வரவழைக்கப்பட்டிருந்தான். அவன் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்துவிடக் கூடாது என்று மார்லிஸ் அவன் கையில் காபி ஜாடியைக் கொடுத்து எல்லோருக்கும் ஊற்றச் சொன்னாள். தட்டில் கடைசித் துண்டு பாதிக்குப் பாதியாகக் குறைந்துகொண்டிருந்தது. வானிலை, டிரக் எல்லாம் பேசி முடித்து வெர்லின் தொண்டையைக் கனைத்தார்.

"ராக்னா, நீங்க எங்ககூட இருந்த ஆறு வருஷமும் ரொம்ப வித்தியாசமா இருந்தது."

 அவர் மேலே பேசிக்கொண்டே போனார். அவளைப் போலத் திறந்த மனதுக்காரர்களுக்கு இந்த ஊர் சின்னதோ என்று தோன்றுகிறதாம். ஜனவரியில் அவளுக்கு நிறைய நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறாராம். ஜனவரியில் ஏரி அழகாக இருக்கும் என்றாள் மார்லிஸ். இரண்டு பேர் முகத்திலும் அப்படியொரு கனிவு. வலிக்காமல் ஊசி போட்டுவிட்டோம் என்ற நிம்மதி.

ஆறு வருடம். அவ்வளவு கல்லையும் தானே பொறுக்கி, கழுவி, சீட்டு ஒட்டி வைத்தவள். ராக்னா தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டும், அதுதான் வழக்கம்.

"மேடம், இது அதுதானே?" என்று கார்மைன் கேட்டான். "அந்த வித்தியாசம்?"

"அதுதான்."

"அப்போ உங்களை வேலையை விட்டுத் தூக்குறாங்க."

"ஆமா," என்றாள் ராக்னா. அந்த அறையில் முதல் தடவை கேட்டதற்கே ஒருவர் ஆமாம் சொன்னது அன்றுதான்.

அப்படி யாரும் இங்கே சொல்லவில்லை என்று வெர்லின் அவசரமாகச் சொன்னார். மார்லிஸ் தட்டில் மிச்சமிருந்த பொடியை இன்னும் இரண்டாக வெட்டினாள். கார்மைன் தன் கையிலிருந்த ஜாடியைப் பார்த்தான். பிறகு வெர்லினின் காலிக் கோப்பையைப் பார்த்தான். எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றான்.

"சார், ஜனவரிலேயும் இவங்களே பாடம் எடுக்கட்டுமா?"

ஜாடியைக் கண்டதும் வெர்லினின் கை கோப்பையின் மேல் பாதி மூடியது. "அதெல்லாம் எதுக்குப்பா."

"எடுக்கட்டுமே சார். இடம்தான் காலியா இருக்கே."

"இல்ல இல்ல, பரவாயில்ல. இருக்கட்டும்."

கார்மைன் ஜாடியைச் சாய்த்தான். ஆவி வெர்லினின் மூக்குக்கண்ணாடியில் படர்ந்தது.

"நிஜமாவா சார்? நிரந்தரமாவே இருக்கட்டுமே?"

"சரி," என்றார் வெர்லின், கையை எடுத்துக்கொண்டு, "உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா."

கார்மைன் காபியை ஊற்றினான். தான் என்ன சொன்னோம் என்பது கோப்பை நிறைகிறபோதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் போன போக்கைப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. நான் காபியைச் சொன்னேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்ததாக, உங்களைச் சொல்லவில்லை என்று ராக்னாவின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிவரும். அதற்கு அவர் வேறு மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும். உதவிக்கு மார்லிஸைப் பார்த்தார். மார்லிஸுக்கும் அதே மாநிலம்தான். நல்லதாகப் போயிற்று என்று அவள் முணுமுணுத்தாள்.

"எனக்கு ஒரு சிரமமும் இல்ல வெர்லின்," என்றாள் ராக்னா. "ரொம்ப நன்றி."  

நிரந்தர வேலைக்கான உத்தரவு டிசம்பரில் வந்தது. அதே வாரம் எல்லாத் துறைகளுக்கும் இன்னொரு அறிவிப்பும் வந்தது: அக்கறைக் குழுவின் கூட்டங்களில் இனிமேல் காபி கிடையாது. காரணம் எதுவும் போடவில்லை, கூடுதல் உற்சாகத்தைத் தவிர்க்க என்று மட்டும் இருந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய கடைசி வகுப்பில், பாடம் முடிந்து எல்லோரும் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, கார்மைன் காகிதத்தில் சுற்றிய சாண்ட்விச்சோடு மேசைக்கு வந்தான். அடுத்த செமஸ்டர் எரிமலை வகுப்பில் சேரட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாம்," என்றாள் ராக்னா.

சத்தமே போட மாட்டேன் மேடம், சேரட்டுமே என்றான்.

"வேண்டாம்னு சொன்னேன்ல."

அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். பை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றார்கள், என்ன வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். சிக்னிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராக்னாவுக்குத் தன் வாய் தன் பேச்சைக் கேட்காமல் சரி சொல்லத் தயாராவது நன்றாகவே தெரிந்தது.

"கார்மைன், வாயை மூடு," என்றாள்.

அவன் மூடிக்கொண்டான். மூடிய வாயோடு காதுவரை இளித்தபடி, காகிதத்தைப் பிரித்து, சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து ஒரு வார்த்தையும் பேசாமல் நீட்டினான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ராக்னா ஓஸ்ட்பி அதை முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டாள்.